எம்பிஏ படிக்கும் நம் பிள்ளைகளின் வேலைக் கனவு எங்கிருந்து வருகிறது? சுங்கை சிப்புட் அனுபவங்கள்

இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எம்பிஏ முடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத, நேர்முகத் தேர்வுக்குத் தயாராக உதவி வருகிறேன். என்ன வேலை வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான்: அரசாங்க வேலை, இல்லாவிட்டால் கோலாலம்பூரில் பேங்க்.

அரசாங்க வேலை ஆசை எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். ரப்பர் தோட்டத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றபோது எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் நின்றன. அப்போது அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அதனால்தான். அந்தப் பயம் பேரப்பிள்ளைகள் வரை வந்திருக்கிறது. "நிரந்தர வேலை பாரும்மா" என்று அம்மாக்கள் சொல்வதைப் பழம்போக்கு என்று தள்ள எனக்கு மனம் வராது.

அண்மையில் ஒரு தங்கச்சி வந்தாள். அப்பா லாரி வைத்துத் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி ஆலையில் இறக்குகிறார். டீசல், டயர், டிரைவர் சம்பளம், எடை ரசீது எல்லாம் பள்ளி நாளிலிருந்தே இவள் கணக்கு. அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். வழியில் லாரி படுத்தால் மாற்று லாரிக்கு யாரைக் கூப்பிடுவது என்பது இவளுக்கு அத்துப்படி. ஆனால் விண்ணப்பத்தில் வேலை அனுபவம் என்ற இடம் காலி! "அது அப்பா வேலைதானேக்கா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லென்ட், பிரவுன், ஹாக்கெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவர் 1994-இல் எழுதினார்கள்: என்னால் முடியும் என்ற நம்பிக்கையும், செய்தால் என்ன கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும்தான் ஒருவரின் தொழில் விருப்பத்தை உருவாக்குகின்றன. செய்து பழகியதிலும், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதிலும் அந்த நம்பிக்கை வளர்கிறது. இவள் செய்து பழகியவள்தான். ஆனால் வகுப்பில் பேசப்பட்டதெல்லாம் பெரிய கம்பெனிகள். அப்பாவின் லாரியை அங்கே யார் பேசினார்கள்? உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பினோம். இப்போது பேங்குகளோடு போர்ட் கிளாங் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனிகளுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

அக்கா, நான் சிந்தோக் யு.யு.எம். பல்கலைக்கழகத்தில் படித்தவன். சொந்தத் தொழில் ஆசை எனக்கு நிறையவே இருந்தது. ஆனால் டிகிரிக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருந்தது, தம்பியும் படித்துக்கொண்டிருந்தான். முதலில் கிடைத்த வேலையிலேயே சேர்ந்துவிட்டேன். வசதியான நண்பர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து பிடித்த வேலைக்குப் போனார்கள். அதனால் ஆசையைக் கேட்கும்போது, எத்தனை மாதம் சம்பளமில்லாமல் வீடு தாங்கும் என்பதையும் கேளுங்கள். அப்புறம், அடுத்த முறை பிள்ளைகளைச் சந்திக்கும்போது அந்தத் தங்கச்சியின் அப்பாவையும் பேச அழைக்க முடியுமா? ஈப்போவிலிருந்து நானும் வருகிறேன்.