கான்சஸ் விக்டோரியா தேவாலயம்: போய் வந்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் கான்சஸ் சிட்டியிலிருந்து டென்வருக்கு ஐ-70 நெடுஞ்சாலை வழியாகக் காரில் போகிறோம். அம்மாவும் கூட வருகிறார். வழியில் ஹேஸ் ஊருக்குச் சற்று முன்னால் விக்டோரியாவில் இறங்கி, புனித ஃபிடேலிஸ் தேவாலயத்தைப் பார்க்க ஆசை. சுற்றிலும் கோதுமை வயல், ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், நடுவே 141 அடி உயர இரட்டைக் கோபுரம்!

வோல்கா ஜெர்மானியக் குடியானவர்கள் (ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து வந்து குடியேறிய ஜெர்மானியர்கள்) 1908 முதல் 1911 வரை கட்டியது. பன்னிரண்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் வருடத்துக்கு 45 டாலரும் ஆறு வண்டிச் சுண்ணாம்புக் கல்லும் தர வேண்டுமாம். பிள்ளைகளையும் விடவில்லை பாருங்கள். 2014இல் பசிலிக்கா அந்தஸ்தும் (போப்பின் பெயரால் தரப்படும் சிறப்புத் தகுதி) கிடைத்தது.

வார நாளில் மதியம் போனால் கதவு திறந்திருக்குமா? அம்மாவுக்கு முட்டிவலி; படி ஏறாமல் உள்ளே போக சாய்தளம் உண்டா? பூசை இல்லாத நேரத்தில் படம் எடுக்கலாமா? அப்படியே, ஹேஸில் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். பீட்சா தவிர!