டெர்மினலில் கிடைக்கும் நிரல் கிரானில் கிடைக்கவில்லை, உதவி தேவை

தலைகுந்தாவிலிருந்து கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே கொஞ்ச நிலத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் ஒரே இரவில் செடி கருகிவிடும். அதனால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து, வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே போனால் அப்பாவுக்குக் குறுஞ்செய்தி போகிற மாதிரி பைத்தானில் எழுதினேன். செய்தி வந்தால் அவர் எழுந்துபோய் ஸ்பிரிங்க்ளரைத் திறப்பார்.

சென்சாரைப் படிக்கும் நிரலைக் கம்பைல் செய்து /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் போட்டிருக்கிறேன். ஷுட்டில் நூலகத்தின் விச் ஃபங்ஷனால் அதைத் தேடுகிறேன். டெர்மினலில் ஓட்டினால் முழுப் பாதையும் வருகிறது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் ஓட்டினால் நன் (None, அதாவது எதுவும் கிடைக்கவில்லை) என்று வருகிறது. பைத்தானை இரண்டு முறை அழித்து நிறுவியும் பார்த்துவிட்டேன். நேற்றிரவு பனி விழுந்தது, செய்தி போகவில்லை. இரண்டு பாத்தி கேரட் போய்விட்டது.

கோத்தகிரியிலிருந்து பதில்:

தம்பி, பைத்தான் மேல் தப்பில்லை, இனி அழிக்காதீர்கள். விச் வட்டு முழுவதும் தேடாது. பாத் என்ற சூழல் மாறியில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை மட்டும் வரிசையாகப் பார்க்கும். டெர்மினலைத் திறக்கும்போது, நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தன் அமைப்புக் கோப்புகளைப் படித்து அதில் பல ஃபோல்டர்களைச் சேர்த்துவிடுகிறது. கிரான் அந்த அமைப்புக் கோப்புகளைப் படிப்பதில்லை. பெரும்பாலும் /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டை மட்டுமே கொடுக்கும். உங்கள் நிரல் இரண்டிலும் இல்லை.

கிரான் வேலைகளைப் பட்டியலிடும் கிரான்டேப் கோப்பின் முதல் வரியிலேயே பாத் எழுதிவிடுங்கள். எல்லா ஃபோல்டரையும் முழுதாக எழுத வேண்டும். டாலர் குறி போட்டுப் பழைய பாத்தை ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள், கிரான்டேப் அதை விரிக்காது, அப்படியே எழுத்தாக எடுத்துக்கொள்ளும். நான் ஒரு வாரம் முட்டிக்கொண்ட இடம் அது. இல்லையென்றால் விச்சுக்கே பாத் என்ற அளபுருவாக ஃபோல்டர்களைக் கொடுக்கலாம். பட்டியலாக வேண்டாம், முக்காற்புள்ளியால் பிரித்த ஒரே சரமாகக் கொடுங்கள்.

முதலில் பாத்தின் மதிப்பை ஒரு பதிவுக் கோப்பில் எழுதவைத்துப் பாருங்கள்.

தலைகுந்தா:

அண்ணா, பதிவில் நீங்கள் சொன்ன இரண்டு ஃபோல்டர்தான் இருந்தன. கிரான்டேப்பில் பாத்தை எழுதினேன், நிரல் கிடைத்துவிட்டது. ரொம்ப நன்றி. ஆனால் சென்சாரின் திருத்த அளவுகள் உள்ள கோப்பையும் விச் வைத்தே தேடுகிறேன். அதன் ஃபோல்டரையும் பாத்தில் சேர்த்துவிட்டேன், இருந்தும் நன். கோப்பு அங்கேதான் இருக்கிறது.

குன்னூரிலிருந்து பதில்:

அந்தக் கோப்புக்கு இயக்கும் அனுமதி கொடுத்துப் பாருங்கள், கிடைத்துவிடும்.

கோத்தகிரி:

கிடைக்கும், ஆனால் வேண்டாம். கோப்பு இருந்தால் மட்டும் விச்சுக்குப் போதாது, அதை இயக்க அனுமதியும் இருக்கிறதா என்று பார்க்கும். அளவுகள் எழுதிய கோப்பை இயக்குவதற்கு என்ன இருக்கிறது? மோடு என்ற அளபுருவில் படிக்கும் அனுமதி போதும் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் இதற்கு விச்சே வேண்டாம், அது நிரல்களைத் தேட எழுதப்பட்டது. அளவுக் கோப்பை உங்கள் பைத்தான் கோப்பு இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்து, அந்தப் பைத்தான் கோப்பின் இடத்தைச் சொல்லும் ஃபைல் (__file__) மாறியிலிருந்து, பாத்லிப் என்ற பைத்தான் நூலகம் மூலம் பாதையைக் கட்டுங்கள். வெறும் கோப்புப் பெயரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கிரான் வேலையை வீட்டு ஃபோல்டரிலிருந்துதான் தொடங்கும், அங்கேயே தேடிக்கொண்டிருக்கும்.

அப்புறம், சென்சாரைச் செடி மட்டத்திலேயே வையுங்கள். காற்று 2, 3 டிகிரி காட்டும்போதே தரையை ஒட்டி 0-க்குக் கீழே போய்விடும்.

தலைகுந்தா:

பாத்லிப்புக்கு மாற்றிவிட்டேன், சென்சாரையும் இறக்கிக் கட்டினேன். இன்று விடிகாலை 4 மணிக்குச் செய்தி போயிருக்கிறது. அப்பா எழுந்து தண்ணீர் திறந்துவிட்டார். கேரட் பச்சையாகவே இருக்கிறது, அண்ணா.