மறுமொழி: தண்டுவட இன்ஃபார்க்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவது இஸ்கீமியா; அதனால் அங்கே திசு செத்துப்போவது இன்ஃபார்க்ஷன். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்; இதுவரை வந்த சொற்களைப் பற்றி என் கருத்து இது.

"தண்டுவட வாதம்" வேண்டாம் என்பேன். பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளை வாதம் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நோய்களுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. பெங்களூரில் நான் பிசியோதெரபி பார்க்கும் வார்டுக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். வாதம் என்று சொன்னால், எந்த எண்ணெய் தேய்க்கலாம் என்பதுதான் அடுத்த கேள்வி.

"தண்டுவட அடைப்பு" பரவாயில்லை, மாரடைப்பு போலச் சட்டென்று புரியும். ஆனால் அடைப்பே இல்லாமலும் இது வரும். தண்டுவடத்தின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு தமனிதான் ரத்தம் தருகிறது; மீதிக்கு, பின்பக்கம் இரண்டு. அந்த முன் தமனிக்குக் கீழ்ப்பகுதியில் பெரிய துணை ஆடம்கீவிச் தமனி, பெரும்பாலும் இடப்பக்கத்தில். பெருந்தமனி அறுவைச் சிகிச்சையில் அந்த ரத்த வழி துண்டிக்கப்பட்டாலோ, ரத்த அழுத்தம் ரொம்ப நேரம் தாழ்ந்து கிடந்தாலோ தண்டுவடம் பட்டினிதான். விபத்தில் முதுகெலும்பு நொறுங்கியவர்களுக்கும் அடிபட்ட இடத்தைச் சுற்றி ரத்த ஓட்டம் குறைந்து சேதம் பரவும். முதல் சில நாள் அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

இஸ்கீமியாவுக்கு "குருதிக்குறை" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ரத்தசோகை என்றே படும். உடம்பில் ரத்தம் இருக்கிறது, அங்கே போய்ச் சேரவில்லை. அதனால் "ஓட்டம்" சொல்லுக்குள் இருந்தாக வேண்டும்: தண்டுவடக் குருதியோட்டக்குறை. நீளம்தான், சரி.

இன்ஃபார்க்ஷனுக்குத் "திசு இறப்பு" அகராதிக்குப் பொருந்தும், கட்டிலருகே பொருந்தாது. முன் தமனி பாதிக்கப்பட்டவரின் காலில் ஊசியால் குத்தினால் வலி தெரியாது. காலை அசைக்கவும் முடியாது. அதே இடத்தைப் பஞ்சால் வருடினால், கண்ணை மூடியபடியே "இப்ப தொடுறீங்க" என்பார். பெருவிரலை மேலே தூக்கியிருக்கிறோமா, கீழே மடக்கியிருக்கிறோமா என்றும் சொல்லிவிடுவார். அந்த உணர்வுகள் போகும் பின்பக்கம் தப்பித்திருக்கிறது. அவரிடமும் அவர் வீட்டாரிடமும் "இறப்பு" என்று சொன்னால், முழுத் தண்டுவடமும் செத்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பயிற்சிக்கு யார் வருவார்கள்?

"ஓட்டக்குறைச் சிதைவு" என்று வைக்கலாம். எவ்வளவு சிதைவு, எந்தப் பக்கம் என்று மேலே பேச அது இடம் தருகிறது. ஓட்டக்குறை நேரத்தோடு சரியானால் மீளலாம், சிதைந்தது அப்படியல்ல என்ற வேறுபாடும் நிற்கும்.

ஆடம்கீவிச் ஆளின் பெயர். அதை மாற்ற வேண்டாம்.