கொடுவாளில் செம்புக் கொடி: உருக்கி ஓடவிடுவதா, அடித்து இறக்குவதா?

கரித்தூள்:
வார இறுதியில் மட்டும் உலை மூட்டுகிற ஆள் நான். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து ஒரு கொடுவாள் செய்தேன். முதுகோரமாகக் கொடி மாதிரி காடி (நீளப் பள்ளம்) வெட்டி, அதில் செம்புக் கம்பியை வைத்து, வெண்காரம் தூவி உலையில் காய்ச்சினேன். செம்பு தண்ணீர் போல ஓடி காடியை நிரப்பியது. பார்க்க அவ்வளவு அழகு. நுனி லேசாக வளைந்திருந்ததால், அதே சூட்டில் சம்மட்டியால் இரண்டு தட்டு தட்டினேன். அவ்வளவுதான், காடியிலிருந்து கிளை கிளையாக விரிசல். பட்டை மோசமா, என் வேலை மோசமா?

உளிமுனை:
பட்டை மேல் பழி போடாதீர்கள் தம்பி. செம்பு உருகுவது 1085 டிகிரியில். உருகிய செம்பு காடிக்குள் மட்டும் நிற்காது, சூட்டில் இருக்கும் எஃகின் மணிகளுக்கு (எஃகுக்குள் நெருக்கி அடுக்கியிருக்கும் நுண்ணிய படிகங்களுக்கு) இடையே புகுந்துவிடும். அந்த நேரத்தில் அடித்தால் மணிக்கு மணி பிரிந்துகொள்ளும். எங்கள் பட்டறையில் உலைக்குள் ஒரு துண்டு செம்பு விழுந்தால் அப்பா கரியை மொத்தமாக வாரிக் கொட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையை எடுப்பார். செம்பைக் குளிர்ச்சியாகவே அடித்து இறக்குங்கள். இரும்பில் செம்பு பதிக்க அதுதான் வழி.

நெருப்புக்கோழி:
"அதுதான் வழி" என்பதை ஏற்க மாட்டேன் அண்ணே. தொழிற்சாலைகளில் எஃகு பாகங்களைச் செம்பு வைத்தே ஒட்டுகிறார்கள், ஏறக்குறைய 1120 டிகிரியில். அவை விரிசல் விட்டா வெளியே வருகின்றன? கரித்தூள் செம்பை ஓடவிட்டது தப்பில்லை, ஓடவிட்ட பிறகு அடித்ததுதான் தப்பு. எல்லா அடியையும் முடித்து, வளைவு நெளிவு பார்த்து, கடைசியாகச் செம்பை ஓடவிட்டு, கரிச் சாம்பலில் புதைத்து ஆறவிடுங்கள். இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். அடித்து இறக்கிய கம்பி எத்தனை நாளைக்கு நிற்கும்? ஒரு முனை தூக்கினால் போதும், சட்டையில் நூல் இழுத்த கதைதான்.

உளிமுனை:
தொழிற்சாலையில் காற்றுப் படாமல் ஹைட்ரஜன் நிரம்பிய உலையில் செய்கிறார்கள். பாகத்தை யாரும் தொடுவதுகூட இல்லை. பெரும்பாலும் மெல்லிரும்பு வேறு. உங்கள் கரி உலையும் அதுவும் ஒன்றா? கத்தி எஃகை 1100க்கு மேல் காய்ச்சினால் மணி பெருத்துப்போகும், மேல்தோலில் கரிச்சத்து எரிந்துபோகும்.

முனை தூக்குகிறது என்றால் காடி வெட்டத் தெரியவில்லை என்று அர்த்தம். காடியின் வாய் குறுகி அடி அகன்றிருக்க வேண்டும், குடம் மாதிரி. நேராக வெட்டிய பிறகு உளியைச் சாய்த்து இரண்டு பக்கச் சுவரையும் அடியில் குடைய வேண்டும். குடையும்போது விளிம்பில் பிசிறு எழும்பும். அரம் போட்டு அதை எடுத்துவிடாதீர்கள், அதுதான் பல். அப்புறம் கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு என்றால் கண்ணாடியாகிவிடும், செம்பு மெழுகாகும். காடி வாயில் இறுக்கமாக உட்காரும் கம்பி, பாதி வெளியே நிற்கட்டும். சின்னச் சுத்தியலால் நடுவிலிருந்து முனைக்கு அடித்துக்கொண்டே போனால் செம்பு கீழே பரவி வயிற்றை நிரப்பும், விளிம்புப் பிசிறு மடிந்து அதைக் கவ்வும். அடிக்க அடிக்க செம்பு இறுகும். சத்தம் மாறினால் நிறுத்துங்கள்.

டென்மார்க்கில் மம்மென் என்ற ஊரில் 1868இல் ஒரு வைக்கிங் கோடரி கிடைத்தது. புதைத்து ஆயிரம் வருடம் ஆகியும் அதில் அடித்துப் பதித்த வெள்ளிக் கம்பி இன்னும் இருக்கிறது. உதய்பூர் கோஃப்த்கரிக்காரர்கள் எஃகின் மேல் குறுக்கும் நெடுக்கும் கீறி, தங்கக் கம்பியை அடித்துப் பிடிக்க வைப்பதும் குளிர்ச்சியாகத்தான்.

நெருப்புக்கோழி:
அந்தக் கோடரி விறகா வெட்டியது? அலங்காரப் பொருளைக் கொண்டுவந்து கொடுவாளுக்குச் சாட்சி சொல்கிறீர்கள். மணி பெருத்தால் மூன்று முறை மிதமாகக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் பழைய நிலைக்கு வரும். சரி, உங்கள் முறைக்கு வருவோம். கம்பியை இறக்கிய பிறகுதானே துவைச்சல் (காய்ச்சி எண்ணெயில் முக்கி எஃகைக் கடினமாக்குவது)? ஒரு டிகிரி சூட்டுக்குச் செம்பு தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும், எஃகு சுமார் 12 பங்குதான். 800 டிகிரியில் செம்பு சுவரை முட்டி நசுங்கும், எண்ணெயில் இறங்கியதும் எஃகைவிட அதிகமாகச் சுருங்கும். கம்பி காடிக்குள் ஆடாதா?

உளிமுனை:
ஆடும். அதில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் எஃகு இளகி இருக்கும்போது காடியை மட்டும் வெட்டிக்கொண்டு, துவைச்சல் முடித்து, கடைசியில் கம்பியை இறக்கச் சொல்கிறேன். துவைச்சல் கொடுவாளின் வெட்டும் வாய்ப்பக்கம் மட்டும் பிடிக்கட்டும். முதுகு இளகியே இருந்தால் அடி தாங்கும்.

கொல்லன்மகள்:
ஒரு சந்தேகம் அண்ணே. காடியின் அடி மூலை கூர்மையாக இருந்தால், எண்ணெயில் இறக்கும்போது விரிசல் அங்கேதானே ஆரம்பிக்கும்? நான் ஒன்றை அப்படித்தான் இழந்தேன். இப்போது குடைகிற உளியின் மூக்கை லேசாக உருட்டிவிடுகிறேன். இன்னொன்று, யாரும் பெர்ரிக் குளோரைடில் முக்காதீர்கள். மின்சுற்றுப் பலகையில் வேண்டாத செம்பை அரித்து எடுப்பதே அதை வைத்துத்தான். எஃகின் வரி தெரிய வேண்டும் என்று முக்கினேன், என் செம்புக் கொடி வாய்க்காலாகிவிட்டது.

சமையல் கத்தியில் பதிப்பதே எனக்கு உவப்பில்லை. புளியும் எலுமிச்சையும் பட்டால் களிம்பு ஏறும். செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்று சித்தாந்தக்காரர்கள் சும்மாவா சொன்னார்கள்.

நெருப்புக்கோழி:
களிம்போடு போனால் பரவாயில்லையே. செம்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பது இரும்பைத்தான். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலைக்கு வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். 1886இல் திறந்தார்கள். நூறு வருடம் ஆவதற்குள் உள்ளே தகட்டைத் தாங்கிய இரும்புப் பட்டைகளை மாற்றி எவர்சில்வர் போட வேண்டியதாயிற்று. அடித்து இறக்கிய கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தால் தண்ணீர் நிற்கும். ஓடவிட்ட செம்பில் அந்த இடைவெளியே கிடையாது.

உளிமுனை:
அங்கே செம்பு அதிகம், இரும்பு குறைவு, போதாததற்கு கடல் காற்று. கத்தியில் கணக்கு தலைகீழ். துளி செம்பு, சுற்றிலும் எஃகு. அரிப்பு மெதுவாகத்தான் இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

கரித்தூள்:
எல்லாருக்கும் நன்றி. விரிசல் விட்ட கொடுவாளை வைஸில் கடித்து உடைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறமாக இருக்கும் என்று நினைத்தால், காடியிலிருந்து உள்ளே செம்மஞ்சளாக ஒரு படலம், சில இடத்தில் மூன்று மில்லிமீட்டர் ஆழம்வரை.

உளிமுனை:
பார்த்தீர்களா!

நெருப்புக்கோழி:
அடித்த இடத்தில்தானே? அடி படாத பிடிப்பக்கம் உடைத்தீர்களா?

கரித்தூள்:
இல்லை அண்ணே, அங்கேயும் காடி போகிறது. நாளைக்கு அதையும் உடைக்கிறேன். இதற்கிடையில் தட்டையான ஒரு துண்டில் குளிர்ச்சியாக ஒரு சுழி இறக்கிப் பார்த்தேன். வளைவெல்லாம் பிடித்துக்கொண்டது, வால் மட்டும் தூக்குகிறது. வால் முனையில் உளியைச் சாய்க்க இடமே இல்லை. அந்த இடத்தில் எப்படிக் குடைவீர்கள்?

கொல்லன்மகள்:
வாலைக் கூராக முடிக்காதீர்கள். முனையில் துரப்பணத்தால் ஒரு சின்னக் குழி போட்டு, கம்பி நுனியை அதற்குள் மடக்கி இறக்குங்கள். மேலே ஒரு பொட்டு மாதிரி தெரியும், கொடிக்கு மொட்டு வைத்தது போலவும் இருக்கும்.