புவிவெப்ப மின்சாரம் உண்மையிலேயே வற்றாத ஆற்றலா?

கேள்வி:
வணக்கம். புவிவெப்பத்தைச் சூரிய ஒளியோடும் காற்றோடும் சேர்த்துப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று பாடநூல்கள் வகைப்படுத்துகின்றன. ஆனால், கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் என்ற புவிவெப்ப மின் உற்பத்திப் பகுதியில் நிலத்தடி நீராவி குறைந்து மின் உற்பத்தியே சரிந்ததாகப் படித்தேன். அப்படியானால் அதை எவ்வாறு புதுப்பிக்கத்தக்கது என்பது? தூய்மையானது என்பதாவது சரிதானா?

பதில் 1:
கெய்சர்ஸில் முதன்மையாகக் குறைந்தது நீர்தான். பாறையில் வெப்பம் ஏராளமாக இருக்கிறது. 1960இல் வணிக உற்பத்தி தொடங்கிய பின் நிலையங்கள் பெருகப் பெருக, இயற்கையாக நீர் ஊறிச் சேரும் வேகத்தை மிஞ்சி ஆவியை எடுத்தார்கள்; அதனால் நிலத்தடி அழுத்தம் தாழ்ந்து, 1987இல் உச்சம் தொட்ட உற்பத்தி இறங்கத் தொடங்கியது. இதற்குத் தீர்வு சாக்கடையிலிருந்து கிடைத்தது என்பதை நான் எப்போதும் ரசிப்பேன். லேக் கவுண்டியின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை 1997 முதலும், சாண்டா ரோசா நகரத்தின் கழிவுநீரை 2003 முதலும் குழாய்வழியே மலைக்கு ஏற்றி, ஆழ்துளைக் கிணறுகளில் செலுத்துகிறார்கள். சூடான பாறையில் அது மீண்டும் ஆவியாவதால் சரிவு மட்டுப்பட்டது. இதன் விலை, அப்பகுதியில் அடிக்கடி ஏற்படும் சிறு நில அதிர்வுகள்.

பதில் 2:
மேலுள்ள பதிலோடு உடன்படுகிறேன். நியூசிலாந்தின் வைராக்கே புவிவெப்ப மின் நிலையத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1958இல் தொடங்கிய அந்நிலையம், எடுத்த வெந்நீரைப் பல ஆண்டுகள் நிலத்துக்குத் திருப்பாமல் வைக்காட்டோ ஆற்றில் விட்டது. அருகிலிருந்த இயற்கை வெந்நீர் ஊற்றுகள் அடங்கின. ஓரிடத்தில் தரை 10 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

தூய்மையைப் பொறுத்தவரை, நிலக்கரியோடு ஒப்பிட்டால் உமிழ்வு பொதுவாக மிகக் குறைவு, ஆனால் சுழியம் அன்று. ஆவியோடு கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடும் வெளிவருகின்றன. ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தி நிலையத்தில் இவ்விரண்டையும் நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கு நடந்த சோதனையில், செலுத்திய கரியமில வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டுகளுக்குள் கனிமமாக இறுகிவிட்டது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வாயுவை வெளியே விடாமலேயே இயங்கும் நிலையங்கள் உள்ளனவா?

பதில் 1:
உள்ளன. இருசுழற்சி நிலையத்தில் வெந்நீர் சுழலியை (டர்பைன்) தொடுவதே இல்லை. அது தன் வெப்பத்தை ஐசோபென்டேன் போன்ற, தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் திரவத்துக்குக் கொடுத்துவிட்டு, மூடிய குழாயிலேயே நிலத்துக்குள் திரும்புகிறது. கெய்சர்ஸ் போல நேரடியாக நீராவி கிடைக்காத, மிதமான வெந்நீர் மட்டுமே உள்ள இடங்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆயினும் வெப்பம் தாழத் தாழ, அதிலிருந்து மின்சாரமாக மாறும் பங்கும் குறையும்.