சேலத்தில் வாங்கிய வெண்பட்டு வேட்டி: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

நாகர்கோவில் மகள்:
ஏற்காட்டிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் வாங்கியது. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குச் சேலம் வெண்பட்டுதான் என்று அம்மா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அக்ரஹாரம் பக்கம் ஒரு கடை, பேர் வேண்டாம். விற்பனையாளர் எடுத்ததும் கேட்டது, "வெளியூருங்களா?" ஆமாம் என்றேன். அதோடு சரி, மேலே இருந்த நாலு பெட்டியைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்றேன். "மடிப்புக் கலைஞ்சா அப்புறம் யாருங்க வாங்குவாங்க?" என்று பெட்டியை மூடிவிட்டார்.

ராத்திரி லாட்ஜில் பிரித்தால், உள்மடிப்பில், கரைக்கு ஒரு சாண் மேலே டீ நிறத்தில் உள்ளங்கை அகலக் கறை. மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். அவர் வேட்டியைத் தொடவே இல்லை. பில்லை மேஜையில் வைத்து, அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற வரியைப் பேனா முனையால் இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிக்கொண்டே என் தலைக்கு மேலே பார்த்து, "வாங்கக்கா, என்ன பாக்கறீங்க?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார். அந்த டொக் டொக் இன்னும் காதில் இருக்கிறது.

அப்பா அதையே கட்டினார், கறை உள்ளே போகும்படி மடித்து. மாலை மாற்றும்போதுகூட அவருடைய இடது கை அந்த மடிப்பை விட்டு நகரவில்லை.

திருச்சி அம்மா:
எங்களுக்கு ஏற்காட்டு ஏரிக்கரையிலேயே. தொங்கிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் 350 என்றார். பணத்தை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, பையனுக்கு உதடு நடுங்கியது. "500 ஆகும்மா." ஏன் என்றேன். "குளிருதுல்ல?" ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வாங்கினேன், வேறென்ன செய்வது. சேலத்துப் பக்கமே இப்படித்தான் போல.

அம்மாபேட்டைக்காரன்:
திருச்சி அக்கா, மலையில் விற்கிற ஸ்வெட்டர் எங்கள் ஊரில் நெய்தது இல்லை. அதை வைத்து ஊரையே சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை தறி ஓடியது, அதனால் வலிக்கிறது. லுங்கியோடு போன அன்றைக்கு எனக்கும் இதே கடைவீதியில் மேல் பெட்டியைத்தான் காட்டினார்கள். உள்ளூர்க்காரன்தான் நான்.

நாகர்கோவில் தங்கச்சிக்கு: வெண்பட்டை ராத்திரி டியூப் லைட்டில் வாங்கவே கூடாது. வாசல் வெளிச்சத்தில் முழுசாகப் பிரித்து, இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா பாருங்கள். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினால் தலைமுடி கருகும் வாடை வர வேண்டும், சாம்பல் விரலில் பொடிய வேண்டும். உருகி உருண்டையானால் பட்டு இல்லை. இந்த ஊருக்கே உரிய சரக்கு என்று புவிசார் குறியீடு வாங்கிய துணி இது, அசலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்புறம் அந்த அச்சடித்த வரிக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம். வழக்கென்றாலும் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், சேலம் வரத் தேவையில்லை.

நாகர்கோவில் மகள்:
அண்ணா, 30 நாள் எப்போதோ தாண்டிவிட்டது, அப்பா கட்டியும் ஆயிற்று. பணத்தைக்கூட நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த மடிப்பைக் கடைக்காரர் ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் போதும்.

அம்மாபேட்டையில் எந்தத் தெருவில் கேட்டால் பிரித்துக் காட்டுவார்கள்? அம்மா மறுபடியும் கேட்கிறார். இந்தத் தடவை பகலிலேயே வருகிறோம்.