நிருவாக உதவியாளர் பணியிலிருந்து அடுத்த படி: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு, கொள்ளுப்பிட்டியிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் சில ஆண்டுகளாக நிருவாக உதவியாளராகப் பணியாற்றுகிறேன். பணிப்பாளரின் சந்திப்புகளை ஒழுங்குசெய்வதும், சிங்களத்தில் வரும் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் வரைவதும் எனக்குச் சலிக்கவில்லை. மனிதவளப் பிரிவில் ஆளில்லாததால், சம்பளத்தில் ஊழியரின் பங்கான 8 வீதத்தையும் நிறுவனத்தின் பங்கான 12 வீதத்தையும் கணக்கிட்டு, அடுத்த மாத இறுதிக்குள் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தும் பொறுப்பும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நிறுவனம் செலுத்தும் 3 வீதமும் என் மேசைக்கே வந்துவிட்டன. பதவிப் பெயரும் சம்பளமும் மட்டும் அசையவில்லை. கேட்டால், "அடுத்த வருடம் பார்ப்போம்" என்கிறார்கள்.

அரச முகாமைத்துவ உதவியாளர் சேவையில் தரங்களும், முன்னேறச் சித்தியடைய வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சைகளும் இருப்பதால், ஏறும் வழியாவது எழுத்தில் இருக்கிறது. (அந்தப் பரீட்சைகளை நொந்துகொள்ளும் நண்பர்கள் மன்னிக்கவும்.)

வேலையை விடாமல், வார இறுதியில் மனிதவள முகாமைத்துவ டிப்ளோமா ஒன்றைப் படிப்பதா, நாவலயிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதா என்று தீர்மானிக்க முடியவில்லை. இதே பணியிலிருந்து நிருவாக உத்தியோகத்தராகவோ மனிதவளப் பிரிவுக்கோ சென்றவர்கள் இருந்தால், நேர்முகத்தேர்வில் தகைமைச் சான்றிதழுக்கு எவ்வளவு மதிப்பிருந்தது, செய்துவந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பிருந்தது என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். கூடுதல் பொறுப்புகளைப் பட்டியலிட்டுப் பதவிப் பெயர் மாற்றத்தைக் கடிதமூலம் கோரியவர்களின் அனுபவமும் பேருதவியாக இருக்கும்.